பேஸ்ட்டுக்குள்ளே பிளாஸ்டிக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஒருநாள் ஆய்வகத்தில், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க, பற்பசையைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக் காட்டினேன். அன்று மாலையே இரண்டு பெற்றோர் போன் செய்துவிட்டார்கள்: "எந்தப் பேஸ்ட் சார் வாங்கக் கூடாது?" அதன் பிறகு பெற்றோர் கூட்டம், கல்யாணப் பந்தி, பால் பூத் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. பேஸ்ட்ல பிளாஸ்டிக் கலக்குறாங்களாமே, நிஜமா சார்?

கலந்தார்கள் என்பது நிஜம். ஏறக்குறைய 2015 வரை உலகின் சில பெரிய நிறுவனங்களின் பற்பசைகளில் பாலிஎத்திலீன் மணிகள் இருந்தன. பாலிஎத்திலீன் என்றதும் ஏதோ ஆய்வகச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கடையில் தரும் கேரி பேக் எதனால் ஆனதோ அதேதான். அதைப் பொடி உப்பைப் போலச் சின்னச் சின்ன மணிகளாக ஆக்கி, சாயம் ஏற்றிப் பசையில் கலந்தார்கள். ஆங்கிலத்தில் மைக்ரோபீட் என்பார்கள். நான் நுண்மணி என்று சொல்கிறேன்.

இன்றைக்கு நம் கடைகளில் விற்கும் பற்பசையில் அந்த மணிகள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்பதை 10ஆம் பதிலில் சொல்கிறேன். ஆனால் 'பேஸ்ட்டில் பிளாஸ்டிக்' என்ற பழைய செய்தி, தேதி இல்லாமல், வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2. மைக்ரோபிளாஸ்டிக், மைக்ரோபீட், நர்டில்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான எந்தப் பிளாஸ்டிக் துண்டும் மைக்ரோபிளாஸ்டிக்தான். பிரிட்டிஷ் கடல் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சனும் அவர் குழுவும் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. இதில் இரண்டு வகை. பெரிய பொருள் வெயிலிலும் அலையிலும் நொறுங்கிச் சின்னதாவது ஒன்று. தயாரிக்கும்போதே சின்னதாகத் தயாரிப்பது இன்னொன்று. பற்பசை நுண்மணி இரண்டாவது வகை.

நர்டிலும் இரண்டாவது வகைதான், ஆனால் வேறு சாமான். பிளாஸ்டிக் ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் பருப்பு அளவு மணி அது. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கைக் கரை வெள்ளையாகக் கிடந்ததே, அது நர்டில். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பிறகு கன்னியாகுமரிக் கரையில் ஒதுங்கியதும் அதுதான். அந்தப் படத்தைப் போட்டு "இதைத்தான் நாம் பல்லில் தேய்க்கிறோம்" என்று ஒரு செய்தி எனக்கும் வந்தது. அந்த அளவு மணியைப் பல்லில் தேய்த்தால் கடகடவென்று சத்தமே வரும்.

3. பல் தேய்க்கிறதுல பிளாஸ்டிக்குக்கு என்னங்க வேலை? அழுக்கை எடுக்குமா?

முகத்துக்குப் போடும் ஸ்க்ரப்பில் அதற்கு ஒரு வேலை இருந்தது. தோலைச் சுரண்டும். பற்பசையில் அந்த வேலைகூட இல்லை. பல்லில் படியும் படலத்தைத் தேய்த்து எடுப்பது சுண்ணாம்புத்தூள் என்கிற கால்சியம் கார்பனேட், அல்லது சிலிக்கா. பாலிஎத்திலீன் இவற்றைவிட மிருதுவானது. 2014இல் அமெரிக்காவில் கேள்வி எழுந்தபோது கிரெஸ்ட் பற்பசையைத் தயாரிக்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமே அது நிறத்துக்காகச் சேர்த்தது என்றுதான் சொன்னது.

சாதாரணச் சாயத்தை ஈரப் பசையில் போட்டால் கரைந்து பசை முழுக்கப் பரவிவிடும். பிளாஸ்டிக் மணிக்குள் பூட்டிய சாயம் கரையாது. புள்ளி புள்ளியாகவே நிற்கும். விலை மலிவு, வாசனை இல்லை, பூஞ்சை பிடிக்காது, எல்லா மணியும் ஒரே அளவு. வெள்ளைப் பசையில் நீலப் புள்ளி தெரிந்தால் 'இதில் ஏதோ விசேஷமாக இருக்கிறது' என்று வாங்குபவருக்குத் தோன்றுமே, அதற்காகத்தான் இத்தனையும்.

4. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாம இருந்து, திடீர்னு எப்படி வெளிய வந்துச்சு?

இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. முதலாவது வாய். அமெரிக்காவில் பல் சுத்தம் செய்யும் பணியில் இருந்த ஒரு பெண், தன்னிடம் வந்தவர்களின் ஈறு ஓரத்தில் நீல நிறப் பொடி சிக்கியிருப்பதைத் தொடர்ந்து கவனித்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. முருங்கைக்காய் நார் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்துமே, அந்த இடம். மணிகள் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தன. 2014இல் அவர் இதை எழுதியதும் விஷயம் பெரிதானது. மணிகளை எடுத்துவிடுகிறோம், 2016 மார்ச்சுக்குள் முழுக்க முடித்துவிடுவோம் என்று புராக்டர் அண்ட் கேம்பிள் அறிவித்தது.

இரண்டாவது தண்ணீர். 2012இல் அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள பேரேரிகளில் ஒரு ஆய்வுக் குழு சன்னமான வலையை இழுத்துப் பார்த்தது. சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் சுமார் 43,000 பிளாஸ்டிக் துகள்கள் சிக்கின. அவற்றில் நிறைய, நொறுங்கிய துண்டுகளாக இல்லாமல் வண்ண வண்ண உருண்டை மணிகளாக இருந்தன. எதுவும் உடைந்து அப்படி உருண்டையாகாது. யாரோ உருட்டித்தான் ஆக வேண்டும். குளியலறை அலமாரியைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது.

5. ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். அதுல நாலு புள்ளி. கடலுக்கு இதனால என்ன ஆகிடப் போகுது?

நியாயமான கேள்வி. ஒருவர் கணக்கு சின்னதுதான். ஆனால் தினம் இரண்டு வேளை ஒரு நாடே துப்புகிறது. சோப்பு, ஸ்க்ரப், பற்பசை எல்லாவற்றையும் சேர்த்து 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, அந்த நாட்டின் ஆறு, ஏரி, கடலுக்கு நாளொன்றுக்கு 8 லட்சம் கோடி நுண்மணிகள் போய்க்கொண்டிருந்தன. பரப்பி வைத்தால் 300 டென்னிஸ் மைதானங்களுக்கு மேல் மூடும் என்றார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் முக ஸ்க்ரப்பை ஆராய்ந்தவர்கள், ஒரு முறை பயன்படுத்தினால் 4,594 முதல் 94,500 மணிகள் வரை சாக்கடைக்குப் போகலாம் என்று கண்டார்கள். இந்த எண்ணைத்தான் 'ஒரு முறை பல் தேய்த்தால்' என்று மாற்றி அனுப்புகிறார்கள். அது பற்பசைக்கான எண் அல்ல.

மொத்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் சங்கதி வேறு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நேரடியாகத் துகளாகவே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் செயற்கை இழைத் துணி துவைப்பதால் வருவது 35 சதவீதம், வண்டி டயர் தேய்வதால் 28 சதவீதம். ஸ்க்ரப், பற்பசை முதலான உடல் பராமரிப்புப் பொருட்களின் பங்கு 2 சதவீதம்தான். பிறகு எதற்கு இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், இது எளிதில் நிறுத்தக்கூடிய 2 சதவீதம். டயர் இல்லாமல் பஸ் ஓடாது. நீலப் புள்ளி இல்லாமல் பல் நன்றாகவே துலங்கும்.

6. சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தானே விடுறாங்க? அங்க வடிகட்டிட மாட்டாங்களா?

நல்ல நிலையம் என்றால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும். பிடித்தது எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. சேற்றோடு சேர்ந்து அடியில் தங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்து வயலுக்கு உரமாகப் போடுவது பல நாடுகளில் வழக்கம். ஆக, ஆற்றுக்குப் போகாமல் தப்பியது மண்ணுக்குப் போய்விடுகிறது.

இதெல்லாம் நிலையம் இருக்கும் ஊருக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர், அதாவது 28 சதவீதம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று நிலையங்கள் இருந்தும் கூவத்தின் நிறம் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் நுண்மணியை நிறுத்தியதைவிட இங்கே நிறுத்தியதற்குப் பலன் அதிகம் என்று நான் நினைப்பது இதனால்தான். நம் குழாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே பெரும்பாலும் எதுவுமே இல்லை.

7. மீனுக்குள்ள போய், மீன் வழியா நமக்கு வருமா?

பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். மிதக்கும் சின்ன உருண்டையை மீன் முட்டை என்றோ மிதவை உயிரி என்றோ நினைத்து மீன்கள் விழுங்குகின்றன. அதோடு, தண்ணீரில் கரையாத பழைய விஷங்கள், டி.டி.டி. போன்றவை, எண்ணெய்ப் பசையுள்ள பிளாஸ்டிக்கின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் வானவில் மீன்களுக்கு முக ஸ்க்ரப் மணிகளைக் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், மணியில் ஒட்டியிருந்த வேதிப்பொருளின் ஒரு பகுதி மீனின் சதைக்குள் இறங்கியது தெரிந்தது.

பெரிய மீன் வாங்கினால் குடலை எடுத்துவிடுகிறோம். துகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நெத்திலியைக் கிள்ளாமல் முழுசாகக் குழம்பில் போடும் வீடு, மட்டி சாப்பிடும் வீடு என்றால் குடலும் சேர்ந்தே வரும். அதற்காக மீனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மீனால் வரும் நன்மை கண்கூடு. நெத்திலியை மட்டும் கிள்ளிச் சுத்தம் செய்யச் சொல்லுவேன். ருசிக்கும் அதுதான் நல்லது.

8. எங்க சின்னது தினமும் பேஸ்ட்டை முழுங்குது சார். பிளாஸ்டிக் வயித்துல ஒட்டிக்குமா?

ஒட்டாது. நுண்மணி இருந்த காலத்திலேயே அது மலத்தோடு வெளியே போய்விடக்கூடிய அளவுதான். குடிநீரில் உள்ள துகள்கள் குறித்து 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவற்றை உடல் உறிஞ்ச வாய்ப்பில்லை என்கிறது. தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூயிங்கம்மின் மென்று துப்பும் பகுதியிலும் பாலிஎத்திலீன் போன்ற பாலிமர்கள், அதாவது சின்னக் கண்ணிகள் சங்கிலியாகக் கோத்த நீளமான மூலக்கூறுகள், சேர்ப்பதுண்டு என்பது பலருக்குத் தெரியாது.

குழந்தை முழுங்குவதில் கவலைப்பட வேண்டியது ஃபுளோரைடைப் பற்றி. பால்பற்களுக்கு அடியில் நிலையான பல் உருவாகும் வயதில் அது அதிகமாக உள்ளே போனால் பிற்காலத்தில் பல்லில் வெள்ளைத் திட்டு விழும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பசை போடுவதைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கும் அப்படியே போடாதீர்கள்.

9. ரத்தத்துல பிளாஸ்டிக் இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சே, அது பேஸ்ட்டாலதானே?

2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் பிளாஸ்டிக்கைக் கண்டார்கள். 2024இல் இத்தாலியில் கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை செய்துகொண்ட 257 பேரில் 150 பேரின் அடைப்புப் படிவத்தில் பாலிஎத்திலீன் இருந்தது. அப்படி இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேர்ந்தது அதிகம். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்பதுதான் செய்தி.

உள்ளே போன பிளாஸ்டிக்குக்கு முகவரி கிடையாது. காற்றுத் தூசி, பாட்டில் தண்ணீர், பார்சல் சாம்பார் கவர் என்று வழிகள் நிறைய. 8ஆம் பதிலில் சொன்ன அளவுக் கணக்கை வைத்துப் பார்த்தால் பற்பசை மணியை அந்தப் பட்டியலின் தலையில் எழுத முடியாது. கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கவரில் கட்டி வாங்குபவர் என்னிடம் வந்து பேஸ்ட்டைப் பற்றிக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

10. இந்தியாவுல தடை இருக்கா, இல்ல அமெரிக்காவுல மட்டுமா?

அமெரிக்காவில் 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், தேய்த்துக் கழுவும் பொருட்களில் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் மணிகளைத் தடை செய்தது. பற்பசையைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசை அங்கே மருந்துக் கணக்கில் வருவதால் அதற்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம். அந்தப் பற்பசைக்கு விற்பனைத் தடை 2019 ஜூலையில் வந்தது. கனடாவும் பிரிட்டனும் 2018இல் நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் பற்பசை, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் அழகுசாதனப் பொருள். 2017இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் நுண்மணிகளை அழகுசாதனப் பொருட்களுக்குப் பாதுகாப்பற்றவை என்று வகைப்படுத்தியது. 2020 முதல் தடை. தவிர, பெரிய நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு கலவை என்று வைத்துக்கொள்வதைவிட எல்லா இடத்திலும் ஒரேயடியாக எடுத்துவிடுவது சுலபம் என்று அதற்கு முன்பே எடுத்துவிட்டன. பெயர் தெரியாத மலிவு ஸ்க்ரப், ஆன்லைனில் வரும் வெளிநாட்டுச் சரக்கு, இவற்றில்தான் இப்போது கண் வைக்க வேண்டும்.

11. ஆனா எங்க பேஸ்ட்ல இன்னும் நீலப் புள்ளி இருக்கே. மினுமினுன்னு வேற இருக்கு!

புள்ளி இருந்தாலே அது பிளாஸ்டிக் என்று அர்த்தமில்லை. சாயம் ஏற்றிய சிலிக்கா குருணையாக இருக்கலாம். 'ஃப்ரெஷ்' என்று விற்பவற்றில் வரும் பட்டைப் பட்டையான துண்டுகள் பெரும்பாலும் செல்லுலோஸ் படலம்; வாயில் கரைந்து மணம் விடும். மினுமினுப்பு பெரும்பாலும் மைக்கா என்கிற அப்பிரகம்.

12. வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் பசையைப் போட்டு மெதுவாகக் கரையுங்கள். வேகமாகக் கலக்கினால் நுரை பொங்கி மேலே நின்றுவிடும். மிதப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மாணவர்கள் முதல் தடவை செய்த தப்பு அதுதான். நுரை அடங்க அரை மணி நேரம் காத்திருந்தோம். அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் நின்றது, மாக்கோலம் போடக் கரைத்த மாவு தெளிந்த மாதிரி. பசையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கோந்துப் பொருட்களால் தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். வடிகட்டித் தாளில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினோம். அது சரியாக வந்தது.

அடியில் தங்கிய வண்டலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புத்தூள். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் சிலிக்கா. இரண்டுமே பூமியிலிருந்து வந்தவை, மூழ்குபவை. பாலிஎத்திலீன் என்றால் மிதக்கும், எத்தனை நேரம் வைத்தாலும் கரையாது. மேலே மிதக்கும் துகளைத் துணியிலிருந்து எடுத்து, காயவைத்து, சுட்ட ஊசியால் தொட்டால் இளகி நூல் விடும். மைக்காவோ சிலிக்காவோ அசையாது.

அன்று ஒரு பையன் "சார், உருகுது, பிளாஸ்டிக்!" என்று கத்தினான். வகுப்பே கூடிவிட்டது. பார்த்தால் அவன் விரலில் இருந்த மெழுகுவர்த்தித் துணுக்கு. மெழுகும் மிதக்கும், மெழுகும் உருகும். அதனால் இந்தச் சோதனையில் எதுவும் மிதக்காவிட்டால் பாலிஎத்திலீன் மணி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். மிதந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி மீதும் வீடியோ போடாதீர்கள்.

13. அப்ப லேபிள்ல என்ன பேரைத் தேடணும்?

பொருட்கள் பட்டியல் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் டெரெஃப்தலேட், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், நைலான். இந்த ஐந்தும் திடமான பிளாஸ்டிக். சிலிக்கா, கால்சியம் கார்பனேட், சார்பிட்டால், கிளிசரின், செல்லுலோஸ் கம், கராகீனன், சோடியம் லாரில் சல்ஃபேட் என்பவை பிளாஸ்டிக் இல்லை. கராகீனன் கடல்பாசியிலிருந்து எடுப்பது.

14. பாலிஎத்திலீன் கிளைக்கால்னு போட்டிருக்கு சார், மாட்டிக்கிட்டாங்க!

மாட்டவில்லை. இது என்னிடம் வாரம் ஒருமுறையாவது வரும் கேள்வி. பெயர் ஒரே மாதிரி, பொருள் வேறு. பாலிஎத்திலீன் கிளைக்கால் தண்ணீரில் கரையும். பசை காய்ந்துபோகாமல் ஈரமாக வைக்கச் சேர்க்கிறார்கள். மலச்சிக்கலுக்கு டாக்டர் கொடுக்கும் பொடி ஒன்றும் இதே சாமான்தான். 12ஆம் பதிலின் டம்ளரில் போட்டால் காணாமல் போய்விடும். பெயரில் 'பாலி' இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் என்றால் அரிசிச் சோறும் மாட்டும், மாவுச்சத்தும் பாலிமர்தான்.

15. கரைஞ்சா மட்டும் பிளாஸ்டிக் இல்லைன்னு ஆயிடுமா? கண்ணுக்குத் தெரியாம போகுது, அவ்வளவுதானே?

கேட்டது ஒரு பதினோராம் வகுப்பு மாணவி. இந்தப் பக்கத்திலேயே கெட்டிக்காரத்தனமான கேள்வி இதுதான். கார்போமர், பி.வி.பி. போன்ற செயற்கைப் பாலிமர்கள் பற்பசையிலும் மவுத்வாஷிலும் கெட்டிப்படுத்தவோ படலமாக ஒட்டவோ பயன்படுகின்றன. இவை மணியாக இல்லை. ஆனால் எல்லாமே சீக்கிரம் மக்கும் என்றும் சொல்ல முடியாது.

சட்டங்கள் இவற்றைத் தொடவில்லை. அமெரிக்கச் சட்டம் திடமான துகளை மட்டும் பேசுகிறது. ஐரோப்பிய விதி லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரைவதையும், இயற்கையில் கிடைக்கும் பாலிமரையும், மக்கும் என்று நிரூபித்ததையும் விட்டுவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கும் பிளாஸ்டிக் சூப் அறக்கட்டளை போன்றவர்கள் கரைவதையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். என்னைக் கேட்டால், மிதக்கும் மணியையும் கரையும் கோந்தையும் ஒரே சொல்லால் அழைப்பது குழப்பத்தைத்தான் வளர்க்கும். கரையும் பாலிமருக்கும் விதி வரட்டும், தனியாக வரட்டும். அந்த மாணவி இதை ஒத்துக்கொள்ளவில்லை.

16. ட்யூப் அடியில கறுப்புக் கட்டம் இருந்தா முழுக்க கெமிக்கல், பச்சைன்னா இயற்கையாமே?

கட்டுக்கதை. அந்தக் கட்டம் ட்யூப் ஆலையின் இயந்திரத்துக்கான அடையாளம். நீளமாக அச்சிட்டு வரும் சுருளை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடித்து ஒட்ட வேண்டும் என்று ஒளி உணரி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். பின்புலத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற எந்த நிறமும் செல்லும். அப்புறம், பச்சைக் கட்ட ட்யூப்பில் இருப்பதும் கெமிக்கல்தான். தண்ணீரும் கெமிக்கல்தான்.

17. ட்யூபே பிளாஸ்டிக்தானே? அதை ஏன் யாரும் பேசுறதில்லை?

இதைத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். பழைய காலத்து அலுமினிய ட்யூப்பை நினைவிருக்கிறதா? சுருட்டச் சுருட்ட விரிசல் விட்டுப் பக்கவாட்டில் பசை வரும். அதற்குப் பதிலாக வந்தது அடுக்கு ட்யூப்: பிளாஸ்டிக், நடுவே மெல்லிய அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக். ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பது கஷ்டம். காயலான் கடையில் கொடுத்துப் பாருங்கள், திருப்பித் தந்துவிடுவார். குப்பை மேட்டில் வெயிலில் கிடந்து காலப்போக்கில் நொறுங்கும். 2ஆம் பதிலில் சொன்ன முதல் வகை மைக்ரோபிளாஸ்டிக் இப்படித்தான் உருவாகிறது.

கோல்கேட் நிறுவனம் 2019இல் பால் கேன் செய்யும் அடர் பாலிஎத்திலீனாலேயே முழு ட்யூப்பையும் செய்து, மறுசுழற்சி அமைப்பின் அங்கீகாரம் வாங்கியது. நல்ல வேலைதான். ஆனால் மறுசுழற்சி செய்ய முடியும் என்பதும் நம் தெருவில் யாராவது அதைச் சேகரிக்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. 5ஆம் பதிலில் சொன்ன அந்த 2 சதவீதத்தை எடுக்கச் சட்டம் வந்தது. கையில் பிடித்திருக்கும் முழுப் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது.

18. மூங்கில் பிரஷ் வாங்கினா பிரச்சினை தீர்ந்துடுமா?

பாதி தீரும். பிடி மக்கும், முள் பெரும்பாலும் நைலான்தான். 1938இல் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் வருவதற்கு முன்பு பன்றி முடியில் பிரஷ் செய்தார்கள். அதற்குத் திரும்பப் போக யாரும் தயாராக இல்லை. நைலான் முள் தேயத் தேயத் துகள் உதிரும். முள் விரிந்து பூப்போல ஆன பிறகும் அதே பிரஷ்ஷை வைத்துத் தேய்ப்பவர்கள் சட்டென்று மாற்றுவது நல்லது. பல் மருத்துவர்கள் சொல்வது மூன்று, நான்கு மாதம். தூக்கிப் போடும்போது முள்ளைக் குறடால் பிடுங்கிவிட்டுப் பிடியை மண்ணில் போடுங்கள்.

19. பேசாம வேப்பங்குச்சிக்கும் பற்பொடிக்கும் போயிடலாமா? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்லியிருக்காங்களே?

குச்சியில் பிளாஸ்டிக் இல்லை, சரி. மென்று தூரிகை போலாக்கி நிதானமாகத் தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல கருவி. ஆனால் ஃபுளோரைடு கிடையாது. பல் சொத்தைக்கு எதிராகப் பற்பசை தரும் பெரிய லாபமே அதுதான். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகம் என்றால் கதை வேறு. தர்மபுரிப் பக்கம் இருப்பவர்கள் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பொடி என்றால் எந்தப் பொடி என்று பார்க்க வேண்டும். அடுப்புக்கரி, செங்கல் தூள், உப்பு எல்லாம் எனாமலை அறுக்கும். போன எனாமல் திரும்ப வளராது. பற்பசை எவ்வளவு அரிக்கலாம் என்பதற்கு உலகத் தரத்தில் 250 என்று ஒரு உச்ச எண் இருக்கிறது. செங்கல் தூளை யாரும் அளப்பதில்லை. புகையிலை கலந்த பற்பொடி, பற்பசையை 1992லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. காரமாக, கிறுகிறுப்பாக இருக்கும் பொடி கிடைத்தால் வாங்காதீர்கள். அப்புறம் பொடி வரும் பாக்கெட்டையும் டப்பாவையும் பாருங்கள். அதுவும் பிளாஸ்டிக்தான்.

20. வெளிநாட்டுல இருந்து வந்த பழைய ஸ்க்ரப் ஒண்ணு மணியோட கிடக்கு. கழுவி ஊத்திட்டு டப்பாவை வெச்சுக்கலாமா?

ஊற்றாதீர்கள். ஊற்றினால் அது போகும் வழியை 6ஆம் பதிலில் பார்த்தோம். மூடியை இறுக்கி, உலர் குப்பையில் முழுசாகப் போடுங்கள். டப்பா அழகாக இருக்கிறது, மிளகு போட்டு வைக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

21. கடைசியா ஒண்ணு. நீங்க என்ன பேஸ்ட் சார் யூஸ் பண்றீங்க?

மளிகைக் கடையில் ஆஃபரில் எது வருகிறதோ அது. ஃபுளோரைடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ட்யூப் தீர்ந்த மாதிரி தெரிந்ததும் கத்தரிக்கோலால் நடுவே வெட்டிவிடுவேன். இன்னும் நான்கைந்து நாளைக்கு வரும். வெட்டின ட்யூப்பை வாஷ்பேசின் ஓரத்தில் வைக்கக் கூடாது என்று வீட்டில் சண்டை நடக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.